‘வாட்டர்ஷெட்’ என்னும் ஆங்கிலக் கூட்டுப்பெயரின் பல்பொருண்மையும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

‘வாட்டர்ஷெட்’ என்னும் ஆங்கிலக் கூட்டுப்பெயர் புவியியல், எல்லைச் சட்டம், நிலமேம்பாடு, ஒளிபரப்பு, நீதிமுறை, மருத்துவம், கணினியியல் ஆகிய துறைகளில் வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. அப்பொருள்களுள் இரண்டு, கோடு என்பதும் பரப்பு என்பதும், அடிப்படையானவை. ஏனையவை கோடு என்னும் பொருளிலிருந்தே கிளைத்துள்ளன. இச்சொல்லின் பொருள்விரிவை வரலாற்று முறையிலும் பயன்பாட்டு நோக்கிலும் விளக்கி, அதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் சொற்களின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: கூட்டுப்பெயர், தொகைமொழி, பல்பொருண்மை, நீர்ப்பிரிமேடு, நீர்வடிப்பகுதி, நீர்ப்பிடிப்பு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

இரு சொற்கள் இணைந்து ஒரு சொல் நீர்மைத்தாய் நிற்பதைத் தமிழ் இலக்கணம் தொகை என்று வழங்குகிறது. வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி எனத் தொகைகளை ஆறாகப் பகுத்த தொல்காப்பிய மரபு, தொகையில் மறைந்து நிற்கும் உறவை விரித்துக் காண்பதே பொருள் காணும் வழி எனக் கொண்டது. தொகைமொழிகள் சிலவற்றில் பொருள் மயங்கும் என்பதையும், அம்மயக்கம் இரண்டு பொருள் முதல் ஏழு பொருள் வரை செல்லும் என்பதையும் பவணந்தியார் நன்னூலில் தனி விதியாகவே கூறியுள்ளார். ‘மரவேலி’ என்னும் தொகை மரத்தாலாகிய வேலி, மரத்திற்கு வேலி, மரமாகிய வேலி எனப் பலவாறு விரியும். எப்பொருள் கொள்வது என்பதை இடமே முடிவுசெய்கிறது.

ஆங்கிலக் கூட்டுப்பெயர்களுக்கும் இம்மயக்கம் உண்டு. ஆயினும் அவற்றை மொழிபெயர்க்கும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் முறையில் அகராதி தரும் முதற்பொருளை எடுத்தாளும் போக்கு பரவலாக உள்ளது. இதனால் நேரும் இடர்ப்பாட்டை விளக்க ‘வாட்டர்ஷெட்’ தக்க சான்றாகும். பள்ளிப் பாடநூலிலும் அரசாணையிலும் நாளிதழிலும் மருத்துவ அறிக்கையிலும் ஒருங்கே இடம்பெறும் இச்சொல், ஒவ்வோரிடத்தும் ஒவ்வொன்றைச் சுட்டுகிறது. நாடுகளின் எல்லையும் சிறைவாசிகளின் விடுதலையும்கூட இச்சொல்லின் பொருளைச் சார்ந்து வழக்காடப்பட்டுள்ளன.

சொல்லின் பிறப்பும் இரண்டாம் உறுப்பின் மயக்கமும்

இக்கூட்டுப்பெயரின் முதல் உறுப்பு நீரைக் குறிப்பது. அதில் ஐயம் இல்லை. இரண்டாம் உறுப்பாகிய ‘ஷெட்’ என்பதே மயக்கத்திற்கு இடமாகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இவ்வொலிவடிவில் மூன்று பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, கொட்டகை. மற்றொன்று, உதிர்த்தல் அல்லது சொரிதல். மரம் இலையை உதிர்ப்பதும் கண் நீரைச் சொரிவதும் இவ்வினையால் சுட்டப்படும். மூன்றாவது, பிரித்தல் அல்லது பிரிவு. இது பொதுவழக்கில் ஏறத்தாழ மறைந்துவிட்ட பொருளாகும்.

கொட்டகை என்னும் பொருளுடைய சொல் வேறு. அது நிழல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. உதிர்த்தல், பிரித்தல் ஆகிய இரு பொருள்களும் பழைய ஆங்கிலத்தில் பிரித்தலைக் குறித்த ஒரே வினையடியிலிருந்து வந்தவை. ‘வாட்டர்ஷெட்’ என்பதில் உள்ளது இப்பழைய பிரித்தற்பொருளே. எனவே, இக்கூட்டுப்பெயரின் நேர்ப்பொருள் ‘நீர் பிரியும் இடம்’ என்பதாகும். ஜெர்மன் மொழியில் இதற்கு இணையான ‘வாசர்ஷைடே’ என்னும் சொல் இதே அமைப்பும் பொருளும் உடையது. ஆங்கிலச் சொல் அதன் வழியமைந்த மொழிபெயர்ப்பாக இருக்கலாம் என்பது சொற்பிறப்பியலாரின் கருத்து.

இரண்டாம் உறுப்பின் பழம்பொருள் மறைந்தபின், பேசுவோர் அதற்கு வழக்கிலிருந்த மற்றொரு பொருளை ஏற்றிக்கொள்வது மொழி இயல்பு. ‘நீர் பிரியும் மேடு’ என்னும் பொருளை உணராதார்க்கு, ‘நீரைச் சொரியும் நிலம்’ என்னும் பொருள் எளிதில் தோன்றக்கூடும். ஒரு நிலப்பரப்பின் மேல் விழும் மழையெல்லாம் வழிந்து ஓர் ஆற்றில் சொரிகிறது. ஆகவே அப்பரப்பு முழுவதும் ‘வாட்டர்ஷெட்’ எனக் கொள்வதற்கு இச்சொல்லே இடம் தந்தது. தமிழ் வாசகர்க்கு ‘ஷெட்’ என்றவுடன் வண்டி நிறுத்தும் கொட்டகையே நினைவுக்கு வரும். உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்து இணைத்தால் ‘நீர்க்கொட்டகை’ என்னும் பொருந்தாச் சொல்லே எஞ்சும். கூட்டுப்பெயரை உறுப்புப் பெயர்ப்பால் மட்டும் தமிழாக்கலாகாது என்பதற்கு இது போதிய சான்று.

கோடும் பரப்பும்

புவியியலில் ‘வாட்டர்ஷெட்’ இரண்டு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, அருகருகே அமைந்த இரு ஆற்று வடிநிலங்களைப் பிரிக்கும் முகட்டுக்கோடு. அக்கோட்டின் ஒருபுறம் விழும் மழைத்துளி ஓர் ஆற்றையும், மறுபுறம் விழும் துளி மற்றோர் ஆற்றையும் சென்றடையும். இதுவே முந்தைய பொருள். பிரித்தானிய வழக்கில் இன்றும் வலுவாக உள்ளது. இரண்டாவது, அம்முகட்டுக்கோட்டால் சூழப்பட்டு ஓரிடத்தில் நீரை வடிக்கும் நிலப்பரப்பு. இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தது. அமெரிக்க வழக்கில் இதுவே முதன்மைப் பொருளாகிவிட்டது.

அமெரிக்காவில் பரப்புப்பொருள் வேரூன்றியதற்கு நீர்நிருவாகத் தேவைகளும் துணைநின்றன எனலாம். வறண்ட மேற்குப் பகுதிகளை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல், 1878இல் அளித்த அறிக்கையிலும் 1890ஆம் ஆண்டு வரைபடத்திலும் நீர் வடியும் நிலப்பகுதிகளையே அடிப்படை அலகுகளாகக் கொண்டு சிந்தித்தார். பரப்பை அலகாகக் கொள்ளும் இத்தகைய சிந்தனைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பிற்காலத்தில் நியூயார்க் நகரின் குடிநீர் ஆதாரமான மலைப்பகுதிகளைக் காப்பதற்கு 1997இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டிலும் ‘வாட்டர்ஷெட்’ என்பது பரப்பையே குறிக்கிறது. கோட்டினைக் குறிக்க அமெரிக்கர் ‘டிவைடு’ என்னும் வேறு சொல்லைப் பயன்படுத்துகின்றனர். பிரித்தானியரோ கோட்டினை ‘வாட்டர்ஷெட்’ என்றும், பரப்பினைக் ‘கேச்மென்ட்’ என்றும் வழங்குவர். ஒரே சொல் அட்லாண்டிக் கடலின் இருகரைகளிலும் வேறுவேறாகப் பொருள்படுகிறது.

பிற ஐரோப்பிய மொழிகளில் இம்மயக்கம் இல்லை. பிரெஞ்சு மொழி நீரைப் பகுக்கும் கோட்டிற்கு ஒரு தொடரையும், நீர் வடியும் பரப்பிற்கு மற்றொரு தொடரையும் வைத்துள்ளது. ஜெர்மனும் ஸ்பானியமும் அவ்வாறே இரு வேறு சொற்களை ஆள்கின்றன.

கோட்டின் பெயர் பரப்பிற்கு ஆகிவருதல் தமிழுக்கும் புதிதன்று. ‘எல்லை’ என்பது முடியும் இடத்தையும், ‘எல்லைக்குள்’ என்னும்போது அதனால் சூழப்பட்ட நிலத்தையும் உணர்த்துகிறது. ‘வட்டம்’ வளைந்த கோட்டையும் வருவாய் நிருவாகப் பரப்பையும் குறிக்கிறது. ‘வேலி’ என்பது அரணுக்கும் பெயர். 20 மா கொண்ட நில அளவைக்கும் பெயர். ஆகவே ‘வாட்டர்ஷெட்’ அடைந்த பொருள்விரிவு தமிழ் மாணவர்க்கு விளங்காத ஒன்றன்று. எனினும் ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடக்க முயல்வதுதான் சிக்கலை உண்டாக்குகிறது.

இரு பொருளும் ஒருங்கே தேவைப்படும் இடத்திற்கு முல்லைப் பெரியாறு திட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கிலுள்ள வைகை வடிநிலத்திற்குத் திருப்பும் இத்திட்டம் 1895இல் நிறைவுற்றது. ஆங்கிலத்தில், சுரங்கம் ‘வாட்டர்ஷெட்டை’ ஊடுருவுகிறது என்றும், நீர் ஒரு ‘வாட்டர்ஷெட்டிலிருந்து’ மற்றொரு ‘வாட்டர்ஷெட்டிற்கு’ மாற்றப்படுகிறது என்றும் எழுத இயலும். முதல் தொடரில் அது முகடு. இரண்டாம் தொடரில் அது பரப்பு. தமிழில் முன்னதை ‘நீர்ப்பிரிமேடு’ என்றும், பின்னதை ‘நீர்வடிப்பகுதி’ என்றும் எழுதினாலன்றிப் பொருள் தெளிவுறாது.

எல்லை உடன்படிக்கைகளில் ‘வாட்டர்ஷெட்’

மலைநாடுகளின் எல்லையை வரையறுக்கும் உடன்படிக்கைகள் நீர்ப்பிரிகோட்டைப் பெரிதும் சார்ந்துள்ளன. நிலத்தில் நடப்பட்ட கல் பெயரலாம். நீர் பிரியும் முகடு பெயராது என்பது இதன் அடிப்படை எண்ணம். ஆயினும் காகிதத்தில் தெளிவாகத் தோன்றும் இக்கோடு நிலத்தில் எப்பொழுதும் தெளிவாக அமைவதில்லை.

அர்ஜென்டினா, சிலி நாடுகளுக்கிடையே 1881இல் ஏற்பட்ட உடன்படிக்கை, ஆண்டிஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடுகளையும் அவை நீரைப் பிரிப்பதையும் ஒருங்கே சுட்டியது. உயர்ந்த முகடே நீரைப் பிரிக்கும் என்ற ஊகம் அதில் அடங்கியிருந்தது. தெற்கே படகோனியாவில் பனியாறுகளால் அரிக்கப்பட்ட நிலத்தில் அவ்வூகம் பொய்த்தது. அங்கு நீர் பிரியும் கோடு உயர்முகடுகளுக்குக் கிழக்கே பல இடங்களில் விலகிச் சென்றது. உயர்முகடே எல்லை என்று அர்ஜென்டினாவும், நீர்ப்பிரிகோடே எல்லை என்று சிலியும் வாதிட்டன. 1902இல் பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வர்டின் நடுவர் தீர்ப்பு இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட ஓர் எல்லையை வகுத்தது.

கம்போடியா, தாய்லாந்து எல்லையில் மலையுச்சியில் அமைந்த பிரியா விகார் என்னும் பழைய சிவன் கோயிலின் வழக்கு இதனினும் புகழ்பெற்றது. 1904இல் பிரான்சுக்கும் சயாமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை, அப்பகுதியில் எல்லை நீர்ப்பிரிகோட்டைப் பின்பற்றும் எனக் கூறியது. பின்னர்ப் பிரெஞ்சு அலுவலர் வரைந்த வரைபடம் கோயிலைக் கம்போடியப் பகுதியில் காட்டியது. மெய்யான நீர்ப்பிரிகோடு செங்குத்துப் பாறையின் விளிம்பில் செல்வதால் கோயில் தமக்கே உரியது எனத் தாய்லாந்து வாதிட்டது. பன்னாட்டு நீதிமன்றம் 1962 ஜூன் 15 அன்று, 9க்கு 3 என்ற பெரும்பான்மையில், கோயில் கம்போடியாவின் நிலப்பகுதியில் உள்ளது எனத் தீர்ப்பளித்தது. சயாம் அவ்வரைபடத்தை நெடுங்காலம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதே தீர்ப்பின் அடிப்படை. வரைபடக் கோடு மெய்யான நீர்ப்பிரிகோட்டோடு ஒத்ததா என்பதை ஆராய வேண்டிய தேவை எழவில்லை என நீதிமன்றம் கருதியது.

இந்தியாவுக்கு நெருங்கிய சான்றும் உண்டு. சிக்கிம், திபெத் எல்லை குறித்து 1890இல் செய்யப்பட்ட உடன்படிக்கை, தீஸ்தா ஆற்றுக்குள் பாயும் நீரையும் திபெத்தின் மோச்சு ஆற்றுக்குள் பாயும் நீரையும் பிரிக்கும் மலைமுகட்டை எல்லையாகக் கொண்டது. அக்கோடு கிப்மோச்சி மலையில் தொடங்கும் என்றும் கூறியது. கோட்டின் தொடக்கம் பெயர் சுட்டப்பட்ட மலையா, நீர் மெய்யாகப் பிரியும் முகடா என்பது 2017ஆம் ஆண்டு டோக்லாம் முரண்பாட்டின்போது முதன்மை பெற்ற வினாவாகும்.

இவ்வுடன்படிக்கைகள் அனைத்திலும் ‘வாட்டர்ஷெட்’ என்னும் கருத்து கோட்டினை மட்டுமே குறிக்கும். “எல்லை நீர்வடிப்பகுதியைப் பின்பற்றிச் செல்லும்” எனத் தமிழில் பெயர்த்தால், ஒரு பரப்பு எல்லையாகும் என்னும் பொருளற்ற கூற்றாக அது முடியும். நாட்டு எல்லை பற்றிய செய்தியிலும் பாடநூலிலும் இத்தகைய பெயர்ப்பு மாணவரின் புரிதலை முழுமையாகத் திசைதிருப்பிவிடும்.

நிலமேம்பாட்டுத் திட்டங்களில் ‘வாட்டர்ஷெட்’

இந்திய நிருவாக ஆங்கிலத்தில் இச்சொல் பரப்புப்பொருளிலேயே வழங்குகிறது. ஹனுமந்தராவ் குழுவின் 1994ஆம் ஆண்டுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1995 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிமுறைகள் ‘வாட்டர்ஷெட்’ என்னும் பரப்பைத் திட்ட அலகாக ஆக்கின. 2008ஆம் ஆண்டின் பொது நெறிமுறைகளும் அதனைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் இத்திட்டங்கள் ‘நீர்வடிப்பகுதி மேம்பாடு’ என்னும் பெயரில் வழங்குகின்றன. பரப்பைக் குறிக்க இப்பெயர் மிகப் பொருத்தமானது.

இத்திட்டங்களின் செயல்முறைக் கோட்பாடு, பணிகளை முகட்டில் தொடங்கிப் பள்ளம் நோக்கி நகர்த்த வேண்டும் என்பதாகும். முகட்டில் ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து மண்ணரிப்பைத் தடுத்தாலன்றி, தாழ்நிலத்தில் கட்டப்படும் தடுப்பணை வண்டலால் தூர்ந்துவிடும். எனவே பரப்பைப் பேணும் பணி கோட்டிலிருந்தே தொடங்குகிறது. ‘வாட்டர்ஷெட்’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் களத்தில் இவ்வாறு இணைகின்றன.

பரப்புப்பொருளிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பொதுவழக்கில் ‘பேசின்’, ‘கேச்மென்ட்’, ‘வாட்டர்ஷெட்’ ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பதிலாக வழங்கினாலும், வகைப்பாட்டு ஆவணங்களில் அவை அளவால் வேறுபட்ட படிநிலைகள். அகில இந்திய மண் மற்றும் நிலப்பயன்பாட்டு அளவீட்டு நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டு நிலப்படத் தொகுதி நாட்டை 6 நீர்வள மண்டலங்களாகவும், 35 வடிநிலங்களாகவும், 112 கேச்மென்டுகளாகவும், 500 துணைக் கேச்மென்டுகளாகவும், 3,237 வாட்டர்ஷெட்டுகளாகவும் பகுத்தது. அமெரிக்க நீரியல் அலகு முறையிலும் ‘வாட்டர்ஷெட்’ ஐந்தாம் படிநிலைக்குரிய பெயராகும். இத்தகைய ஆவணத்தில் ‘கேச்மென்ட்’, ‘வாட்டர்ஷெட்’ இரண்டையும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று பெயர்த்தால் படிநிலையே அழிந்துபோகும்.

காலத்தைப் பிரிக்கும் கோடு

நிலத்தைப் பிரிக்கும் கோடு காலத்தைப் பிரிக்கும் கோடாக உருவகம் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நிலைமை மீளாதவாறு வேறுபட்டால் அந்நிகழ்ச்சி ‘வாட்டர்ஷெட்’ எனப்படும். இவ்வுருவகத்திற்கு அடிப்படை கோட்டுப்பொருளே. பரப்புப்பொருளிலிருந்து இது பிறக்க இயலாது. தமிழில் ‘திருப்புமுனை’ இதற்கு நிகராக வழங்குகிறது. முனையில் திரும்புதல் என்பது செல்லும் திசையின் மாற்றத்தைச் சுட்டும். முகட்டில் பிரிதல் என்பது இருபுறமும் ஒன்றாத இருநிலைகளைச் சுட்டும். உருவகம் வேறாயினும் பயன் ஒத்திருப்பதால் ‘திருப்புமுனை’ ஏற்புடைய சொல்லே. இவ்விடத்தில் ‘நீர்ப்பிரிமேடு’ எனப் பெயர்ப்பது வாசகர்க்கு எவ்வுணர்வையும் தாராது.

பிரித்தானிய ஒளிபரப்பு விதிகளில் இச்சொல் கடிகார நேரத்தையே குறிக்கிறது. சிறுவர்க்குத் தகாத நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன்னும் காலை 5.30 மணிக்குப் பின்னும் பொதுவாக ஒளிபரப்பலாகாது என்பது அங்குள்ள நெறி. அந்த 9 மணி வரம்பின் பெயர் ‘வாட்டர்ஷெட்’. இதனைத் ‘திருப்புமுனை’ எனல் பிழை; ‘இரவு 9 மணி வரம்பு’ என விளக்கிப் பெயர்ப்பதே பொருந்தும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இவ்வுருவகம் சட்ட அளவுகோலாகவே ஆயிற்று. 1989ஆம் ஆண்டின் டீக் எதிர் லேன் வழக்கில், குற்றவியல் நடைமுறை பற்றிய புதிய விதிகள் முன்னரே முடிந்துபோன வழக்குகளுக்குப் பொதுவாகப் பொருந்தா எனக் கூறப்பட்டது. ‘வாட்டர்ஷெட்’ எனத் தகும் அடிப்படை விதிகள் மட்டும் அதற்கு விலக்காகும். வறியவர்க்கு வழக்கறிஞர் உதவியை உறுதிசெய்த 1963ஆம் ஆண்டின் கிதியோன் தீர்ப்பு அத்தகைய விதிக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் அதன்பின் எழுந்த எந்தப் புதிய விதியையும் நீதிமன்றம் ‘வாட்டர்ஷெட்’ என ஏற்கவில்லை. கடுங்குற்ற வழக்குகளில் நடுவர்குழுவின் முடிவு ஒருமனதாக அமைய வேண்டும் என 2020இல் வகுக்கப்பட்ட விதியும் இவ்விலக்கில் அடங்காது என 2021இல் எட்வர்ட்ஸ் எதிர் வனோய் வழக்கில் தீர்ப்பாயிற்று. விலக்கே வழக்கொழிந்தது எனவும் அறிவிக்கப்பட்டது. ஒருமனதற்ற முடிவால் தண்டனை பெற்று, வழக்கு முடிந்துபோன சிறைவாசிகளுக்குக் கூட்டாட்சி நீதிமன்ற மறுஆய்வில் அவ்விதியின் பயன் கிடைக்காமற்போனது. உருவகமாகப் புகுந்த ஒரு சொல் மனிதரின் விடுதலையை அளக்கும் கோலாக 32 ஆண்டுகள் நின்றது என்பது எண்ணத்தக்கது.

மருத்துவமும் கணினியியலும்

மருத்துவத்தில் ‘வாட்டர்ஷெட்’ என்பது இரு பெருந்தமனிகளின் குருதி வழங்கும் பகுதிகள் சந்திக்கும் எல்லை மண்டலத்தைக் குறிக்கும். மூளையில் முன், நடு, பின் பெருமூளைத் தமனிகளின் பகுதிகளுக்கிடையே இத்தகைய மண்டலங்கள் உள்ளன. குருதியழுத்தம் மிகவும் குறையும்போதோ கழுத்துத் தமனி கடுமையாகச் சுருங்கியிருக்கும்போதோ இம்மண்டலங்களே முதலில் பாதிப்புறும். அதனால் நேரும் பக்கவாதம் ‘வாட்டர்ஷெட்’ வகை எனப்படும்.

இங்கு உருவகம் ஒருவகையில் தலைகீழாகியுள்ளது. மலைமுகட்டில் நீர் கோட்டிலிருந்து விலகி ஓடுகிறது. மூளையிலோ குருதி இருபுறமிருந்தும் எல்லையை நோக்கி வருகிறது. எனவே ‘நீர்ப்பிரிமேடு’ என்பது பொருந்தாது. தமிழ்ப் பாசன மரபில் உள்ள ‘கடைமடை’ என்னும் சொல் இந்நிலையை ஆங்கிலச் சொல்லினும் தெளிவாக விளக்கும். வாய்க்காலில் நீர்வரத்துக் குறையும்போது முதலில் வாடுவது கடைமடை வயலே. இரு வாய்க்கால்களின் கடைமடைகளும் ஒட்டிக்கிடக்கும் வயற்பரப்பைக் கற்பனை செய்தால், எல்லை மண்டலம் ஏன் முதலில் கெடுகிறது என்பது மாணவர்க்கு உடனே விளங்கும். கலைச்சொல்லாக ‘குருதி எல்லை மண்டலம்’ என்பதையும், விளக்கமாகக் ‘குருதியின் கடைமடை’ என்பதையும் ஆளலாம்.

கணினிவழிப் படிமச் செயலாக்கத்தில் இதே பெயருடைய ஒரு முறை உண்டு. செர்ஜ் பூஷேர், கிறிஸ்டியன் லாந்த்வெழுல் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 1979இல் இதனை வளர்த்தனர். சாம்பல்நிறப் படத்தின் ஒளியளவை நிலத்தின் உயரமாகக் கொண்டு, தாழ்ந்த புள்ளிகளிலிருந்து நீர் பெருகுவதாகக் கருதுவர். இரு பள்ளங்களின் நீர் கலக்கும் இடத்தில் கரை எழுப்பப்படும். அக்கரைக் கோடுகளே படத்திலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும். இத்துறையில் கோட்டிற்கும் பள்ளத்திற்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன; ‘வாட்டர்ஷெட்’ என்பது கோட்டின் பெயர். ‘நீர்ப்பிரிகோட்டு முறை’ என்னும் தமிழாக்கம் இங்கு முற்றும் பொருந்தும்.

தமிழ்ச் சொற்களின் நிலை

தமிழில் இச்சொல்லோடு தொடர்புடையனவாக நீர்ப்பிரிமேடு, நீர்வடிப்பகுதி, வடிநிலம், நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவை வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் ‘நீரேந்துப் பிரதேசம்’ என்பது பரப்பைக் குறிக்கும். இவற்றுள் பொருள்மயக்கம் மிகுந்தது ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்பதாகும்.

“அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை” என்னும் செய்தியில், அணைக்கு நீரைத் தரும் மலைச்சரிவுகள் அதனால் சுட்டப்படுகின்றன. “ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆக்கிரமிப்பு” என்னும் செய்தியிலோ, கரைக்குள் நீர் தேங்கி நிற்கும் உள்வாய் அதே சொல்லால் சுட்டப்படுகிறது. நீரைத் தரும் நிலமும் நீர் நிற்கும் நிலமும் முற்றிலும் வேறானவை. முன்னதில் பட்டா நிலமும் ஊரும் காடும் அடங்கும். பின்னது பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் இயற்றப்பட்ட சட்டம் போன்றவற்றை விளக்கும்போது இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எந்நிலம் காக்கப்படுகிறது என்பதே ஐயத்திற்கிடமாகும். நீர் நிற்கும் நிலத்திற்கு ‘உள்வாய்’ அல்லது ‘நீர்ப்பரப்பு’ என்னும் சொற்கள் இருக்க, ‘நீர்ப்பிடிப்பு’ என்பதை நீரைத் தரும் நிலத்திற்கே வரையறுத்துக்கொள்வது நலம்.

பொருள் துணியும் முறை

ஆங்கில நூலில் ‘வாட்டர்ஷெட்’ வரும் இடத்தில் அதன் பொருளைத் துணிய மூன்று வினாக்கள் துணைபுரியும். முதலாவது, அச்சொல்லோடு இயையும் வினை எது என்பது. கடத்தல், ஊடுருவுதல், பின்பற்றுதல், பிரித்தல் ஆகியவை கோட்டிற்குரிய வினைகள்; பேணுதல், மேம்படுத்துதல், மாசுறுதல், நீர் வடித்தல் ஆகியவை பரப்பிற்குரியவை. இரண்டாவது, அளவை. ஹெக்டேர், சதுர கிலோமீட்டர் ஆகியவற்றால் அளக்கப்படுவது பரப்பே. மூன்றாவது, நூல் எழுந்த நாடும் துறையும். அமெரிக்கச் சூழலியல் நூலிலும் இந்திய நிருவாக ஆவணத்திலும் பரப்பையும், பிரித்தானியப் புவியியல் நூலிலும் எல்லை உடன்படிக்கையிலும் கோட்டையும் முதலில் கருதுவது பொருந்தும்.

இம்முறைப்படி, கோடு சுட்டுமிடத்து நீர்ப்பிரிமேடு அல்லது நீர்ப்பிரிகோடு, பரப்பு சுட்டுமிடத்து நீர்வடிப்பகுதி, வரலாற்று மாற்றம் சுட்டுமிடத்துத் திருப்புமுனை, ஒளிபரப்பில் நேர வரம்பு, மருத்துவத்தில் குருதி எல்லை மண்டலம் எனப் பொருள்தோறும் சொல் வேறுபட அமைத்தல் தகும். கலைச்சொல் அகராதிகளும் இக்கூட்டுப்பெயருக்குப் பல நிகரன்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குவதை விடுத்து, துறையும் பொருளும் குறித்து எண்ணிட்டுத் தருதல் வேண்டும்.

முடிவுரை

‘வாட்டர்ஷெட்’ என்னும் கூட்டுப்பெயரின் பல்பொருண்மை தற்செயலானதன்று. இரண்டாம் உறுப்பின் பழம்பொருள் மறைந்ததும், கோட்டின் பெயர் பரப்பிற்கு ஆகிவந்ததும், இடத்தின் கோடு காலத்தின் கோடாக உருவகமானதும் அதற்குக் காரணங்கள். ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கும் இப்பொருள்களைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் தெளிவாகக் கூறும் நிலையில் உள்ளது. ஆகவே ஆங்கிலத்தின் மயக்கத்தைத் தமிழுக்குள் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. தொகையை விரித்துப் பொருள் கண்டபின் பெயர்க்கும் பண்டை இலக்கண நெறியைக் கலைச்சொல்லாக்கத்திலும் கைக்கொண்டால், ஏரியின் உள்வாய் எது, அதற்கு நீர் தரும் மேட்டுநிலம் எது என்பதை ஊர்மக்களும் ஐயமின்றிப் படித்தறியும் ஆவணங்கள் தமிழில் உருவாகும்.